பங்கோர்: சாக்லேட்டும் ஒரு கையெழுத்தும்

பங்கோர் தீவுக்குப் போய்வந்தேன் என்றால் ஈப்போவில் இரண்டு கேள்விகள்தான் வரும். "கடல்ல எறங்குனியா? சாக்லேட் வாங்குனியா?" 2020 ஜனவரி 1ஆம் தேதி பங்கோர் தீர்வையற்ற தீவானது. அதற்குப் பிறகு இரண்டாவது கேள்விதான் முதலில் வருகிறது. தீர்வை போன மூன்றாவது மாதமே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நாடே வீட்டுக்குள் முடங்கியது வேறு கதை.

என் பாட்டி கேட்பது மூன்றாவது கேள்வி. "அம்மனப் பாத்தியாடா?"

பங்கோரில் கடலோரமாக இருக்கும் பத்திரகாளியம்மன் கோயிலைத்தான் சொல்கிறார். அங்கே மாசி மகம் பெரிய திருவிழா. பாட்டி சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மாசி மகத்துக்குத் தோட்டமே லாரி ஏறி லூமுட்டுக்குப் போய், அங்கிருந்து படகில் போகுமாம். அவர் வாழ்நாளில் பார்த்த ஒரே சுற்றுலாத் தலம் பங்கோர்தான். அதை அவர் சுற்றுலா என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பங்கோரின் சுற்றுலா வளம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று கேள்விகளும் ஞாபகத்துக்கு வரும். சுமார் 18 சதுர கிலோமீட்டர் தீவு. பக்கத்தில் பங்கோர் லாவுட் போன்ற குட்டித் தீவுகள். மேற்குக் கரையில் மணல், காட்டில் இருவாச்சிப் பறவைகள், கிழக்குக் கரையில் மீனவர் கம்பங்கள், நெத்திலிக் கருவாட்டு வாசம். நல்ல தீவுதான். ஆனால் வரியில்லாத கடற்கரைத் தீவு வேண்டும் என்பவனுக்கு 1987இலிருந்தே லங்காவி இருக்கிறது. விமானத்திலேயே போய் இறங்கலாம். அதோடு போட்டி போட்டால் பங்கோர் என்றைக்கும் சின்ன லங்காவிதான்.

இந்தோனேசியாவின் பண்டா தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் ஒரு சின்ன எரிமலைத் தீவுக்கூட்டம். 'குனுங் அப்பி' எரிமலை 1988இல்கூட வெடித்தது. போய்ச் சேருவதே பெரும்பாடு. பவளப் பாறை பார்க்க முக்குளிப்பவர்கள் போகிறார்கள், உண்மைதான். அதோடு வரலாறு பார்க்கவும் போகிறார்கள். ஒருகாலத்தில் உலகத்துக்கே ஜாதிக்காய் அங்கிருந்துதான் போனது. அதைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள 1621இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தத் தீவு மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் விரட்டியும் அழித்தது. பிறகு வேறு இடங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து ஜாதிக்காய்த் தோட்டம் போட்டது. இன்று அங்கே போகிறவன் டச்சுக் கோட்டையைப் பார்க்கிறான். ஹத்தாவும் ஷாரிரும் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த வீடுகளைப் பார்க்கிறான். கடலும் எரிமலையும் அந்தக் கதைக்குப் பின்னணி.

பங்கோர் எரிமலைத் தீவல்ல. அதே நெருப்புக்குழம்பு வெளியே வராமல் பூமிக்குள்ளேயே ஆறி இறுகிய கருங்கல். ஆனால் பண்டாவுக்குப் போன அதே கம்பெனி இங்கேயும் வந்தது. அங்கே ஜாதிக்காய், இங்கே ஈயம். பேராக் ஈயத்தைத் தானே மொத்தமாக வாங்க 1670இல் பங்கோரில் கோட்டை கட்டியது. 1690இல் உள்ளூர் மக்கள் அதைத் தாக்கினார்கள். மறுபடி வந்து 1740களில் கொஞ்சநாள் இருந்துவிட்டு டச்சுக்காரர்கள் போய்விட்டார்கள். கோட்டை இருக்கும் இடத்தின் பெயர் தெலுக் கெடுங். சரக்கு வைக்கும் கட்டடத்துக்கு மலாயில் 'கெடுங்' என்பார்கள். நம்முடைய 'கிடங்கு' என்ற சொல்லோடு அது உறவு என்று சொல்கிறவர்கள் உண்டு. 1973இல் சீரமைத்த செங்கல் சுவர்கள் இப்போதும் நிற்கின்றன. பக்கத்தில் ஒரு பாறையில் கம்பெனியின் முத்திரையும் 1743 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டு எல்லாரும் கடலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நானும் இரண்டு முறை அப்படித்தான் கிளம்பினேன்.

பெரிய விஷயம் நடந்தது தரையில் இல்லை, தண்ணீரில். 1874 ஜனவரி 20. பங்கோர் கரையோரம் நின்ற 'புளூட்டோ' என்ற கப்பலில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. லாருட் ஈயச் சுரங்கங்களுக்காக கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் அடித்துக்கொண்டிருந்தன. பேராக் அரியணைக்கும் போட்டி. நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க், அங்கே வராத சுல்தான் இஸ்மாயிலை ஒதுக்கிவிட்டு ராஜா அப்துல்லாவை சுல்தானாக அங்கீகரித்தார். பதிலுக்கு ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வருவார். மலாய்க்காரர் சமயமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். வரி வசூலும் அவர் சொல்படிதான். ஆலோசனை என்று பெயர். கஜானா சாவி என்று அர்த்தம்.

முதல் ரெசிடெண்ட் பெர்ச் 1875 நவம்பர் 2ஆம் தேதி பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். ஈப்போவில் அவர் பேரில் 1909இல் எழுப்பிய மணிக்கூண்டுக்குக் கீழேதான் நாங்கள் நண்பர்களைச் சந்திக்கக் காத்திருப்போம். 1877இல் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அடுத்த நூற்றாண்டில் மோட்டார் கார் வந்தது, டயர் வந்தது, ரப்பர் விலை ஏறியது, காடு தோட்டமானது. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். கங்காணி தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார். அவர் கூட்டிவந்தவர்களில் ஒருவர் என் பாட்டியின் அப்பா.

இதை ஒருநாள் பாட்டியிடம் விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தக் கப்பல்ல கையெழுத்துப் போட்டப்ப நம்மாளு யாராச்சும் இருந்தாங்களா?" என்றார்.

"இல்ல பாட்டி."

"அங்க இல்லாதவன் தலையிலயுமா எழுதிட்டுப் போனான்?"

பங்கோர் ஒப்பந்தத்தைப் பற்றிப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் படித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்டதில்லை.

பங்கோர் விற்க வேண்டிய சரக்கு இதுதான் என்று நான் நினைக்கிறேன். கோட்டையில் ஆரம்பித்து, கப்பல் நின்ற கடலைக் காட்டி, மீனவர் கம்பம், சீனக் கோயில், அம்மன் கோயில் என்று முடியும் ஒரு நாள் நடை. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் விளக்கம். பெரிய செலவு ஆகாது. பேராக் எப்படி இன்றைய பேராக் ஆனது என்று ஒரே தீவில் காட்டிவிடலாம். இதை லங்காவியால் தர முடியாது.

எனக்குள் ஒரு பயமும் உண்டு. பாட்டியின் தோட்டம் செம்பனைக்கு மாறி, பிறகு வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது. லயமும் இல்லை, தோட்டத்துக் கோயிலும் இல்லை. ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப்போன அந்த ஜனங்கள் வருடத்துக்கு ஒருமுறை ஒன்றுசேரும் இடம் மாசி மகத்து பங்கோர்தான். அது கேமராவுக்கு நடக்கும் காட்சியாகிவிடக் கூடாது. கதை சொல்லப்படட்டும், ஆனால் அந்த ஜனங்களைக் கேட்டுச் சொல்லப்படட்டும். 1874இல் யாரும் கேட்கவில்லை.

போன மாசி மகத்துக்குப் பாட்டியைக் கூட்டிப்போனேன். பெர்ரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "நீங்க எந்தத் தோட்டம்?" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். அந்த அம்மாவும் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அதுவும் இப்போது இல்லாத தோட்டம்தான். கரை வரும்வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.