ஈயக்குண்டு தந்த சொல்

ஆங்கில ஏடுகளைப் பயிலும் நம் குடியிருப்புப் பிள்ளைகள் ‘அப்ளாம்’ என்றொரு சொல்லைக் கண்டிருப்பர். இக்கட்டு நேர்ந்தவிடத்தும் தடுமாறாது, தன்னுறுதி குன்றாது ஒருவர் நடந்துகொள்ளும் பாங்கினை அது குறிக்கும். எழுதுங்கால் இறுதியில் நிற்கும் ‘பி’ ஒலிப்பதில்லை. சொல்லின் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பதோ அவ்வூமை எழுத்தேயாம்.

இலத்தீனில் ஈயத்திற்குப் ‘ப்ளும்பம்’ என்று பெயர். வேதியியலார் ஈயத்தைப் ‘பிபி’ என்னும் குறியீட்டால் சுட்டுவதும் இதுபற்றியே. பிரெஞ்சில் அது ‘ப்ளோம்’ எனத் திரிந்தது. கொத்தர் நூலிற் கட்டித் தொங்கவிடும் தூக்குக்குண்டு அக்காலத்தில் ஈயத்தால் ஆனது. ஆதலின் ‘ஆ ப்ளோம்’ என்னும் தொடர், தூக்குநூலுக்கு ஒத்தபடி, அதாவது செங்குத்தாக, எனப் பொருள்பட்டது. சுவருக்கு உரிய சொல் பின்னர் உடலுக்கும் ஆயிற்று. குதிரையின் கால்கள் நேராக ஊன்றிய நிலையைப் பிரெஞ்சு மக்கள் இச்சொல்லாற் கூறுவர். ஒற்றைக்கால் நுனியில் நின்றும் சாயாத ‘பாலே’ நடனமாதின் நிலைக்கும் இதுவே பெயர். உடலினின்றும் உள்ளத்திற்கு ஏறிய இச்சொல்லை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் கடன்கொண்டனர். சுவருக்கு ‘ப்ளம்’ என்னும் உறவுச்சொல் அவர்களிடம் முன்னரே இருந்தமையின், உள்ளத்துப் பொருளே அவர்களுக்கு வேண்டியிருந்தது. குழாய் ஒழுகினால் நாம் ஆளனுப்பி அழைக்கும் ‘பிளம்பர்’ என்பாரும் இக்குடும்பத்தவரே. அவர் கையில் இன்று பிளாஸ்டிக் குழாய் இருப்பினும் பெயரில் ஈயம் கரையவில்லை!

தமிழில் இதனை எவ்வாறு கூறுவது? ‘நிதானம்’ என்பர் பலர். வடமொழியில் அச்சொல் முதற்கண் கட்டும் கயிற்றையும், பின்னர்க் காரணத்தையும் குறித்தது. இந்தி பேசும் நம் அண்டை வீட்டாருக்கு அது நோயறிதல். தீர்வு என்றும் கொள்வர். தமிழ் வழக்கில் அது அமைதி என்னும் பொருளைத் தரும். எனினும் நம் நிதானத்தில் மெதுவும் கலந்துள்ளது. ‘நிதானமாக வா’ என்றால் விரையாதே என்பதன்றோ? நொடிப்பொழுதில் மறுமொழி கூறி அவையை வாயடைக்கச் செய்யும் வழக்கறிஞரிடத்தும் ‘அப்ளாம்’ உண்டு. அவரை நிதானமானவர் என்றால் பாதியே கூறியதாகும். ‘நிலைகுலையாமை’ என்பதே பொருந்துமென யாம் கருதுகின்றோம். கட்டடமும் நிலைகுலையும், மாந்தரும் நிலைகுலைவர், இரண்டிற்கும் தமிழில் ஒரே சொல்தான்.