மாமாவின் ஓம் கணக்கு

1979இல் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியன்று, பூக்குழி தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒரேயடியாக ஓய்ந்தன. மைக் செட் வைத்திருந்த என் மாமா புதிதாக வாங்கிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளியிலிருந்து கருகிய வாடை வந்தது. "படிக்காதவன் கையில சாமான குடுத்தா இப்படித்தான்" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். மாமா பதில் பேசவில்லை. அந்தப் பேச்சை நானும் வெகுகாலம் நம்பினேன். மின்னணுவியல் படித்த பிறகுதான் மாமாவின் பக்கம் புரிந்தது.

இன்று நாம் கேட்கும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளின் மூதாதை 1925இல் வந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் அதை வெளியிட்டார்கள். அவ்வகை ஒலிபெருக்கியின் அசையும் சுருளுக்கு மின்மறுப்பு பொதுவாகச் சில ஓம்கள்தான். ஆம்ப்ளியில் இருந்த வால்வோ ஆயிரக்கணக்கான ஓம் சுமையைக் கேட்டது. இரண்டுக்கும் நடுவே தரகர் போல நின்றது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். அதன் கம்பிச் சுற்றுகளின் விகிதத்தை வர்க்கமாக்கினால் கணக்கு வந்துவிடும். 25க்கு 1 என்றால் 625 மடங்கு. 8 ஓம் ஸ்பீக்கர் வால்வுக்கு 5,000 ஓமாகத் தெரியும். பழைய ஆம்ப்ளிகளின் பின்னால் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருந்தது இதற்காகத்தான்.

மாமாவுக்கு வர்க்கம் தெரியாது. ஆனால் ஒரு விதி தெரியும். "கொழாய கழட்டிட்டு ஆம்ப்ளிய ஓட விடாத மாப்ள, வெந்துரும்." சரியான விதி. சுமை இல்லாத டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் எகிறி, உள்ளே காப்பு எரிந்துபோகலாம். குழாய்கள் கூடிப்போனாலோ சத்தம் மங்கும். பெரும்பாலும் ஆம்ப்ளி பிழைத்துக்கொள்ளும்.

மாமா வாங்கிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளியில் அந்தத் தரகர் இல்லை. ஸ்பீக்கரை நேரடியாக மாட்ட வேண்டும். குழாய் இல்லாமல் ஓடினால் அதற்குக் கேடில்லை. ஓம் குறையக் குறைய மின்னோட்டம் ஏறுவதுதான் ஆபத்து. 'பொருத்தம்' என்ற பழைய சொல் அப்படியே இருக்க, விதி தலைகீழாகிவிட்டது. குறைந்தது 4 ஓம் வேண்டும் என்று பெட்டியின் பின்னால் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஏன் என்று யாரும் மாமாவுக்குச் சொல்லவில்லை.

அன்று அவர் மாட்டியது 16 ஓம் குழாய்கள் எட்டு, எல்லாமே பக்க இணைப்பில். 16ஐ எட்டால் வகுத்தால் 2 ஓம். இரண்டிரண்டாகத் தொடரில் சேர்த்தால் சோடிக்கு 32. அந்த நான்கு சோடிகளையும் பக்க இணைப்பில் போட்டிருந்தால் 8 ஓம் வந்திருக்கும். அதே குழாய்தான், அதே வயர்தான்.

மாமா வீட்டுக்கு ஓடி, பழைய வால்வு ஆம்ப்ளியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அது சூடேறக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சற்று மங்கலாக, எட்டுக் குழாயும் பாடின.

நான் இந்தக் கணக்கைப் படித்த பிறகும் மாமா பல வருடங்கள் இருந்தார். ஒருநாள்கூட அவரிடம் உட்கார்ந்து நான் இதைச் சொன்னதில்லை.