நோயின் வழியைக் கற்பித்தவர்கள்

நோய்களின் பெயர்களையும் குறிகளையும் மருந்துகளையும் மனப்பாடம் செய்வது ஒருவகைக் கல்வி. உடலில் இயல்பாக நடைபெறும் தொழில் எவ்விடத்தில், எக்காரணத்தால் பிறழ்ந்து, அக்குறியாக வெளிப்பட்டது என்று வழி கண்டு செல்வது மற்றொரு வகைக் கல்வி. மருத்துவமும் செவிலியர் தொழிலும் பயில்வோருக்கு இன்று கற்பிக்கப்படும் நோய் உடலியங்கியல் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அது பாடமாக உருப்பெற்ற வரலாறு மாணவர் அறியத்தக்கது.

பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் இரத்தம், சளி, மஞ்சட் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்களின் ஏற்றத்தாழ்வே நோய்க்குக் காரணம் என்று கொண்டனர். இக்கொள்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆட்சி செலுத்தியது. நோய் உடலில் எங்கே குடிகொண்டிருக்கிறது என்னும் வினாவை முழு ஆற்றலுடன் எழுப்பியவர், இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 60 ஆண்டுகள் பணியாற்றிய பேராசிரியர் மோர்கான்யி ஆவார். அவர் தம் பெருநூலை 1761இல், 79ஆம் வயதில் வெளியிட்டார். ஏறத்தாழ 700 நோயாளரிடம் உயிருள்ளபோது காணப்பட்ட குறிகளையும், இறந்தபின் உடலை அறுத்துக் கண்ட பழுதுகளையும் அதில் அருகருகே வைத்துக் காட்டினார். இளம் நண்பர் ஒருவருக்கு எழுதும் 70 கடிதங்களாக அந்நூல் அமைந்தது. குறியைக் கொண்டு பழுதையும், பழுதைக் கொண்டு குறியையும் தேடிக் காணும் நிரல்களும் அதில் இடம்பெற்றன. கற்பிக்கும் நோக்கம் அவர் உள்ளத்தில் எத்துணை ஆழமாக ஊன்றியிருந்தது என்பதற்கு இவையே சான்று.

'எங்கே?' என்பதற்கு விடை கிடைத்தது, 'எவ்வாறு?' என்பது எஞ்சி நின்றது. இறந்த உடல் நோயின் முடிவைக் காட்டுமேயன்றி, அது நடந்து வந்த வழியைத் தானே எடுத்துரைக்காது. இக்குறையை நீக்க முயன்றவர் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ. 1821இல் பிறந்த அவர், இளமையிலேயே பெர்லின் நகரின் ஷாரிட்டே மருத்துவமனையில் பிண ஆய்வுப் பணி மேற்கொண்டார்.

அக்காலத்தில் பாரிசில் புகழ்பெற்றிருந்த பேராசிரியர் குருவேய்யே, சிரைகளின் அழற்சியே நோய்கள் பலவற்றுக்கும் வேர் என்று கற்பித்துவந்தார். விர்ச்சோவோ, நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டு இருந்தும், அதனைச் சூழ்ந்த குழாயின் சுவரில் அழற்சி இல்லாதிருப்பதைக் கண்டார். அத்தகைய உடல்களில் கால் போன்ற வேறிடத்துச் சிரைகளிலும் கட்டிகள் இருந்தன. அப்படியானால், அங்கே உண்டான கட்டியின் துண்டு குருதியோட்டத்துடன் இதயத்தின் வலப்பக்கம் புகுந்து நுரையீரலை அடைந்திருக்கலாம் அன்றோ? நாய்களின் சிரைகளில் ரப்பர் முதலிய பொருள்களின் துண்டுகளைச் செலுத்திப் பார்த்தார். அவை நுரையீரல் தமனியிற் சென்று தங்கின. காலின் வீக்கமும் திடீர் மூச்சுத் திணறலும் தொடர்பற்ற இரு குறிகள் அல்ல, ஒரே வழியின் தொடக்கமும் முடிவுமே என்பது தெளிவாயிற்று.

1847இல் அவர் நண்பர் ஒருவருடன் தொடங்கிய ஆய்விதழின் பெயரிலேயே நோய்க்கூற்றியல், உடலியங்கியல், படுக்கையருகு மருத்துவம் ஆகிய மூன்றும் இணைந்து நின்றன. நோய் என்பது புறத்திலிருந்து வந்து புகுந்த தனிப்பொருள் அன்று, மாறிய நிலைமைகளில் நடைபெறும் வாழ்க்கையே என்பது அவர் கொள்கை. 1858ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெர்லினில் அவர் 20 சொற்பொழிவுகள் ஆற்றினார். மாணவர் ஒருவர் சுருக்கெழுத்தில் எடுத்த குறிப்புகளே 'உயிரணு நோயியல்' என்னும் புகழ்மிக்க நூலாயின. அவருடைய ஆய்வுக்கூடத்தில் மேசை மீது தண்டவாளம் அமைத்து, நுண்ணோக்கிகளை மாணவர்களிடையே ஒன்றன்பின் ஒன்றாக உருட்டி அனுப்பினர். ஆசிரியர் சொன்னதை ஒவ்வொருவரும் தம் கண்ணாற் கண்டு தெளிந்தனர்.

விர்ச்சோவின் பார்வை நுண்ணோக்கியோடு நின்றுவிடவில்லை. 1848இல் மேல் சைலீசியாவில் பரவிய டைபஸ் காய்ச்சலை ஆராயச் சென்ற அவர், வறுமையும் கல்வியின்மையும் உரிமையற்ற வாழ்வுமே அந்நோய்க்கு வழிவகுத்தன என்று அரசுக்கு அஞ்சாது எழுதினார். எனினும், நுண்கிருமிகளே நோய்களை விளைவிக்கின்றன என்னும் புதுக்கருத்தை அவர் நெடுநாள் ஐயத்துடனேயே நோக்கினார். 1882இல் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை வெளிப்படுத்தியபின், அவருடைய ஐயம் ஆய்வின் முன் நிற்க இயலவில்லை. பேராசிரியரின் சொல்லையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்பதை அவர் வாழ்வே இருமுறை கற்பிக்கிறது. ஒருமுறை குருவேய்யேயை அவர் மறுத்தபோது, மறுமுறை அவரே மறுக்கப்பட்டபோது.

இன்று அறுவை முடிந்த நோயாளியை இயன்ற விரைவில் எழுந்து நடக்கச் செய்கிறார்கள். அவர் காலில் ஒருபக்கம் மட்டும் வீக்கம் காணும் இளஞ்செவிலி, 'இது வெறும் வீக்கம்' என்று அகன்றுவிடலாம். அல்லது காலிலிருந்து நுரையீரல் வரை செல்லும் வழியை மனக்கண்ணால் கண்டு உடனே மருத்துவரை அழைக்கலாம். இவ்விரண்டுக்கும் இடையே இருப்பது ஓர் உயிர். பெயர்களைத் தேர்வு முடிந்தபின் மறந்துவிடக்கூடும். காரணத்தோடு கற்ற வழி எளிதில் மறவாது. மாணவர்கள் ஒவ்வொரு குறியின் முன்னும் நின்று, 'எங்கே? எவ்வாறு? ஏன்?' என்று வினவப் பழகுவார்களாக.