ஒன்பதில் நிற்காத நவநாள்

கார்மல் மாதாவின் திருநாள் ஜூலை 16. அதற்கு முந்தைய ஒன்பது நாள், அதாவது 7 முதல் 15 வரை, மூணாறு மலையில் தென்மேற்குப் பருவமழை விடாமல் அடிக்கும் காலம். அங்குள்ள மவுண்ட் கார்மல் ஆலயம் 1898-இல் தொடங்கி, 2024-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் அந்த மலையின் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் இன்றும் இருக்கிறார்கள். கத்தோலிக்கர்களாயின் அந்த ஒன்பது நாள் வேண்டுதலுக்கு அவர்கள் வாயில் வருவது 'நவநாள்'. மலையாளியான பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுவே 'நொவேன'.

இரண்டும் ஒன்பதைத்தான் சொல்கின்றன. இலத்தீனில் ஒன்பது 'நோவெம்'. அதிலிருந்து வந்தது 'நொவேனா'. வடமொழி 'நவ'வும் அதே மூலத்தில் கிளைத்ததுதான். ஐரோப்பியக் குருக்கள் கொண்டுவந்த சொல்லைத் தமிழாக்கியவருக்கு, பொருளோடு ஓசையும் சேர்ந்தே கிடைத்தது. நவராத்திரி, நவதானியம், நவக்கிரகம் என்று பழகிய காதுக்கு நவநாள் அந்நியமாகத் தோன்றவில்லை. தமிழில் ஒன்பதுக்குத் 'தொண்டு' என்றொரு பழஞ்சொல் உண்டு. தொல்காப்பியம் அதை ஆள்கிறது. அந்தச் சொல் வழக்கொழிந்த பின்னர் வந்த வழிபாடு இது. ஆகவே வடமொழி எண்ணும் தமிழ் நாளும் கைகோத்தன.

இந்தச் சொல்லின் உறுதி வியக்க வைக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் (1962–65) தமிழ்க் கத்தோலிக்கர்களின் வழிபாட்டு மொழி ஏறக்குறைய முழுவதுமாக மாறியது. பூசை திருப்பலி ஆயிற்று. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. அர்ச்சிஷ்டவர் புனிதரானார், பிரசங்கம் மறையுரையானது, ஜெபம்கூட செபமாகி மன்றாட்டாகிவிட்டது. நவநாள் மட்டும் அசையவில்லை. அறிஞர்கள் கூடிச் செய்யும் திருத்தம், மக்கள் நேர்ச்சை நேர்ந்து சொல்லும் சொல்லை எளிதில் எட்டாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சொல் இப்படி நிலைத்தது. அது குறித்த வழக்கம் நிலைக்கவில்லை. பண்டை ரோமர்களிடம் ஒன்பது நாள் துக்கம் இருந்தது. கிறிஸ்தவர்கள் அதைக் கடைப்பிடித்தபோது புனித அகுஸ்தீன் கண்டித்தார். வேதத்தில் அதற்கு முன்மாதிரி இல்லை, ஏழு நாளே தகும் என்றார். ஆனாலும் ஒன்பது போகவில்லை. 2025-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைந்தபோது, அடக்க நாளான ஏப்ரல் 26 தொடங்கி மே 4 வரை ஒன்பது நாளும் அவருக்காகத் திருப்பலி நடந்தது. 

துக்கத்தின் ஒன்பதைவிட, காத்திருப்பின் ஒன்பதுதான் நவநாளுக்கு உயிர் கொடுத்தது. இயேசு விண்ணேறிய வியாழனுக்கும் தூய ஆவி இறங்கிய ஞாயிறுக்கும் நடுவே ஒன்பது நாள். அந்நாள்களில் மரியாவும் சீடர்களும் மேலறையில் கூடிச் செபித்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. 1897-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முன் உலகெங்கும் நவநாள் நடத்தப் பணித்தபோது இதைத்தான் கருத்தில் கொண்டார். முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியாருக்கும் ஒரு நவநாள் உண்டு, மார்ச் 4 முதல் 12 வரை. 1634-இல் நேப்பிள்ஸ் நகரில் சாகக் கிடந்து, சவேரியாரை வேண்டிப் பிழைத்ததாக நம்பிய மஸ்திரில்லி என்ற சேசு சபைக் குருவிடமிருந்து அது கிளம்பியது. கடைசி நாளான மார்ச் 12, சவேரியார் 1622-இல் புனிதர் பட்டம் பெற்ற நாள்.

இதுவரை ஒன்பது ஒன்பதாகவே இருந்தது. பிறகு அது கிழமையாக மாறியது. பதுவை அந்தோணியார் 1231 ஜூன் 13 அன்று இறந்தார். அடக்கம் நடந்தது செவ்வாய்க்கிழமை. அவருக்குச் செவ்வாய் உரியதானது அதனால்தான். கொச்சி கலூர் ஆலயத்தில் செவ்வாய்தோறும் கூட்டம் நெரிகிறது. புதன்கிழமை சகாய மாதாவுக்கு. மும்பை மாகிம் ஆலயத்தில் 1948-இல் தொடங்கிய புதன் நவநாளுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். சிங்கப்பூரில் அல்போன்ஸ் ஆலயத்தை மக்கள் நொவீனா ஆலயம் என்றே அழைக்க, 1987-இல் திறந்த ரயில் நிலையத்துக்கும் அதுவே பெயராயிற்று. வாரம் ஒரு நாள், முடிவே இல்லாமல். இதிலே ஒன்பது எங்கே என்று கேட்பவர் உண்டு. வேலை முடிந்து மாலையில்தான் கோயிலுக்கு வர முடிகிற தோட்டத் தொழிலாளிக்குத் தொடர்ந்து ஒன்பது நாள் அரிது. ஒரு செவ்வாய் முடியும். ஒன்பது செவ்வாய் வருகிறேன் என்று நேர்ந்துகொள்பவர் அந்த எண்ணைத் தன்னளவில் மீட்டுக்கொள்கிறார். என் பார்வையில் சொல்லைச் சிதைத்தவர்கள் இல்லை இவர்கள். அதை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள்.

எல்லைப் பகுதியில் இன்னொரு கணக்கும் உண்டு. கோட்டயம், பாலா பக்கமிருந்து இடுக்கி மலைக்குக் குடியேறிய சுரியானி மரபினர் நோம்பை எண்ணால் அழைப்பவர்கள்: மூன்று நோம்பு, எட்டு நோம்பு, இருபத்தைந்து நோம்பு, அம்பது நோம்பு. ஒன்பது அந்த வரிசையில் இல்லை. அது இலத்தீன் மரபோடு வந்தது. அங்கே எண் உணவை ஒறுப்பதற்கு, இங்கே வேண்டுதலுக்கு. பாலக்காட்டிலும் 1974 முதல் சுரியானி மரபின் சீரோ மலபார் மறைமாவட்டம் உண்டு. அங்கே தமிழ் பேசும் பங்குகள் பலவற்றைச் சேர்த்து 2013 டிசம்பர் 28 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இலத்தீன் மரபின் சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தை ஏற்படுத்திய பின் ஒரே நகரில் இரண்டு மரபுகளுக்கும் ஆயர்கள்.

செப்டம்பர் 8 மரியாவின் பிறந்தநாள். சுரியானிக் குடும்பம் 1-ஆம் தேதி நோம்பு தொடங்கி எட்டாம் நாளில் அதை அடைகிறது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேறுகிறது. மறுநாள் முதல் செப்டம்பர் 7 வரை எண்ணினால் ஒன்பது. தோட்டத்துத் தமிழர் அந்த ஒன்பதைக் கடந்தும், பக்கத்து வீட்டு மலையாளி அந்த எட்டை நிறைத்தும் ஒரே காலையில் மாதா கோயிலுக்குக் கிளம்புகிறார்கள்.