முக்குவர் சட்டமும் விலக்கின் அளவையும்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் வழங்கிய முக்குவர் சட்டப்படி, ஒருவன் விட்டுச்சென்ற முதுசொம் அவன் சகோதரியின் மக்களைச் சேரும். அவ்விதிகளைக் கிறிஸ்தோபர் பிரிற்றோ 1876ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ மரபுரிமைக்குப் பொதுவிதி வகுத்தது. கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமைக்குட்பட்ட வடமாகாணத் தமிழர் ஆகியோர்க்கே விலக்களித்தது. முக்குவர் பெயர் அதில் இல்லை. அவ்வின்மையே மருமக்களின் உரிமையை முடித்தது.

கணிதத்தில் ஒருமுறை நிறுவிய முடிபு, புதுச்செய்தி எத்துணை வரினும் நீங்காது. விலக்குள்ள விதியிலோ, "இறந்தவர் தேசவழமைக்குட்பட்டவர்" என்னும் ஒரு செய்தி வந்ததும், பொதுவிதியால் எய்திய முடிபு நீங்கிவிடும். இவ்வகை நியாயத்திற்கு 1980ஆம் ஆண்டில் றேமண்ட் றைற்றர் தருக்கவடிவம் தந்தார். கணிப்பொறிக்கு அஃது எத்துணைக் கடினம் என்பதை 1992ஆம் ஆண்டில் கேயோர்க் கொட்லொப் வரையறுத்தார். சாதாரணத் தருக்க வினாக்களுக்கு நொடியில் விடைதரும் பொறி வாய்ப்பினும் இவ்வருமை தீராது என்பதே அறிஞர் துணிபு. விலக்கு ஒன்றும் இல்லையென உறுதிசெய்தலும், ஒன்றையொன்று தடுக்கும் விதிகளுள் எவை ஒருங்கு நிற்கும் எனத் தேர்தலும் அத்துணை அரியன.

சொல்லப்படாத ஒரு பெயரால் முதுசொம் வழிமாறிய வாவிக்கரைக்கு அவ்வருமை புதிதன்று.