மணவுறவும் மருத்துவக் காப்பீடும்: அமெரிக்க வரலாறு தரும் படிப்பினை

நோயுற்றவருக்கு மருத்துவம் கிடைப்பது அவர் யாரை மணந்திருக்கிறார் என்பதைப் பொறுத்ததாக இருக்கலாமா? இவ்வினாவை நாம் கற்பனையாக எழுப்பவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்கக் குடும்பங்கள் பல நாள்தோறும் எதிர்கொண்டுவரும் வினா இது. எவரும் திட்டமிட்டு வகுக்காமல் இந்நிலை உருவானது என்பதே இவ்வரலாற்றின் வியப்பு.

1929ஆம் ஆண்டு டல்லஸ் நகரத்துப் பேய்லர் பல்கலைக்கழக மருத்துவமனை, அந்நகர ஆசிரியர்களுடன் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டது. மாதம் 50 சென்ட் செலுத்துவோர்க்கு ஆண்டில் 21 நாள் மருத்துவமனைப் பராமரிப்பு அளிக்கப்படும் என்பதே அவ்வேற்பாடு. பணியிடத்தை அடிப்படையாகக் கொண்ட காப்பீட்டிற்கு இது முன்னோடியாயிற்று. எனினும் 1940இல் கூட அமெரிக்கரில் பத்தில் ஒருவருக்கே மருத்துவக் காப்பீடு இருந்தது.

நிலைமையை மாற்றியது போர். 1942இல் விலைவாசியைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் ஊதிய உயர்வுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆட்பற்றாக்குறையால் திணறிய நிறுவனங்கள் கூலியை உயர்த்த இயலாமல் காப்பீட்டை முன்வைத்துத் தொழிலாளரை ஈர்த்தன. நியாயமான அளவிலான காப்பீட்டுச் செலவு ஊதிய உயர்வாகக் கொள்ளப்படவில்லை. 1954ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், முதலாளி செலுத்தும் காப்பீட்டுத் தொகைக்கு வரி இல்லை என்பதை உறுதிசெய்தது. 1960ஆம் ஆண்டளவில் மக்களில் மூன்றில் இரு பங்கினர் காப்பீடு பெற்றிருந்தனர்.

காப்பீடு தொழிலாளியுடன் நின்றுவிடவில்லை. அவருடைய மனைவி மக்களுக்கும் நீண்டது. கணவன் பொருளீட்டுபவன், மனைவி அவனைச் சார்ந்திருப்பவள் என்ற எண்ணமே இதன் அடித்தளம். இதனால் மணச்சான்று மருத்துவமனையின் நுழைவுச் சீட்டாகவும் ஆயிற்று. மனைவியே பொருளீட்டுபவளாக இருந்தால் என்ன செய்வது என்ற வினாவுக்கு இவ்வமைப்பிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை.

அவ்வினாவை நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றவர் ஷேரன் ஃபிரான்டியரோ. அலபாமா மாநிலத்தின் மாக்ஸ்வெல் விமானப்படைத் தளத்தில் அதிகாரியாகப் பணியாற்றிய இவர், கல்லூரி மாணவரான தம் கணவருக்கு மருத்துவச் சலுகையும் தமக்கு வீட்டுப்படியும் கோரினார். ஆண் வீரர் ஒருவரின் மனைவி எவ்விதச் சான்றுமின்றிச் 'சார்ந்திருப்பவர்' எனக் கொள்ளப்பட்டார். பெண் அதிகாரியோ தம் கணவரின் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் தாமே தாங்குவதாக மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஷேரனின் கணவருக்கு மாதச் செலவு ஏறத்தாழ 354 டாலர். முன்னாள் படைவீரர் என்ற முறையில் அவர் பெற்ற உதவித்தொகை 205 டாலர். ஆகவே விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

அக்காலத்தில் படையினரில் ஏறத்தாழ 99 விழுக்காட்டினர் ஆண்களாகவே இருந்தனர். ஒவ்வொரு மனைவியின் நிலையையும் ஆராய்வதைவிட அனைவரையும் ஒன்றாகக் கொள்வது நிர்வாகத்திற்கு எளிது, செலவும் குறைவு என்று அரசு வாதிட்டது. ஷேரனின் தரப்புக்கு ஆதரவாக வாதாடியவர்களுள் ரூத் பேடர் கின்ஸ்பர்க்கும் ஒருவர். பின்னாளில் அதே மன்றத்தின் நீதிபதியான அவர் அங்கு வாதாடிய முதல் வழக்கு இதுவே. 1973 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் ஷேரனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இம்முறையால் பணம் மிச்சமாகிறது என்பதற்கு அரசு உருப்படியான சான்று எதனையும் காட்டவில்லை என நீதிபதி பிரென்னன் சுட்டிக்காட்டினார்.

பத்தாண்டு கழித்து, 1983இல், மற்றொரு வழக்கு மறுபக்கத்தைக் காட்டியது. ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்தின் திட்டம், பெண் ஊழியரின் பேறுகாலத்திற்கு முழுமையாகவும் ஆண் ஊழியரின் மனைவியின் பேறுகாலத்திற்குக் குறைவாகவும் செலவளித்தது. இது மணமான ஆண் ஊழியருக்கு இழைக்கப்பட்ட பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மணத்தால் வந்த உரிமை மணமுறிவால் போய்விடும் என்பதே இவ்வமைப்பின் கொடிய பகுதி. கணவரின் காப்பீட்டில் பல்லாண்டு வாழ்ந்த பெண், மணவிலக்குக்குப் பின் வெறுங்கையுடன் நின்றாள். முதிய வயதில் நோயும் இருந்தால் வேறு நிறுவனம் அவளை ஏற்பதும் அரிது. 1986இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 20 பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட நிறுவனங்களில், மணவிலக்குப் பெற்றவரும் கைம்பெண்ணும் 36 மாதம் வரை அதே காப்பீட்டில் நீடிக்க வழிவகுத்தது. ஆனால் முதலாளியின் பங்கையும் சேர்த்து முழுத் தொகையையும் அவர்களே செலுத்த வேண்டும். வருவாய் இழந்தவர்க்கு இவ்வுரிமை பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது என்பதை நாம் எளிதில் உணரலாம். முதியோர்க்கான அரசுக் காப்பீட்டிலும், முன்னாள் துணைவரின் உழைப்பைக் காட்டி உரிமை கோர மணவாழ்வு பத்தாண்டு நீடித்திருக்க வேண்டும். ஒன்பதாண்டு இல்லறம் நடத்தியவளுக்கு அவ்வழி இல்லை.

2013, 2015 ஆண்டுகளில் ஒரே பாலினத்தவரின் மணம் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் இப்பிணைப்பு வெளிப்பட்டது. 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு, மணத்துடன் இணைந்த சலுகைகளை அடுக்கும்போது மருத்துவக் காப்பீட்டையும் குறிப்பிடுகிறது. மணம் குறித்த அந்நாட்டு விவாதத்தில் மருந்துச் செலவும் ஒரு பொருளாக இருந்தது என்பது நோக்கத்தக்கது.

2010ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் இம்முடிச்சை ஓரளவு தளர்த்தியது. முன்பே நோய் இருப்பதைக் காட்டிக் காப்பீட்டை மறுப்பது 2014 முதல் தடுக்கப்பட்டது. மணவிலக்கால் காப்பீட்டை இழந்தவர் தாமே புதிய காப்பீடு வாங்கவும் வழி பிறந்தது. ஆயினும் பெரிய நிறுவனங்கள் ஊழியரின் பிள்ளைகளுக்குக் காப்பீடு வழங்க முன்வர வேண்டும் எனும் அச்சட்டம், துணைவருக்கு அவ்வாறு வழங்கக் கட்டாயப்படுத்தவில்லை.

இவ்வரலாறு முழுவதிலும் நீதிமன்றங்களும் சட்டமன்றமும் வாயிலை அகலப்படுத்தின. ஆனால் வாயில் மணவுறவின் பக்கமே இருந்தது. ஷேரன் வென்றது மனைவியும் கணவனும் சமம் என்ற உரிமையை. மணமாகாதவர், கைவிடப்பட்டவர், துணையை இழந்தவர் ஆகியோரின் குறை அவ்வெற்றியால் தீரவில்லை. குடும்பத்தைக் காக்கும் நோக்கில் சலுகைகளை வகுப்போர், குடும்பம் சிதைந்த நாளில் அச்சலுகைகள் யாரிடமிருந்து பறிபோகும் என்பதையும் உடன் எண்ணிப் பார்ப்பது கடமை என்றே நாம் கருதுகிறோம்.