தொட்டி புதைப்பு முறை

தொட்டி புதைப்பு முறை என்பது தொட்டியில் வளர்ந்த செடியை, தொட்டியுடனேயே தோட்டப் பாத்தியில் விளிம்பு வரை புதைத்து வைக்கும் முறை ஆகும். பூத்து ஓய்ந்த செடியைத் தொட்டியோடு எடுத்துவிட்டு, அதே குழியில் பூக்கும் நிலையிலுள்ள வேறொரு செடியை வைக்கலாம். வேர்கள் கலைக்கப்படாததால் இடமாற்றத்தின்போது செடி வாடுவதில்லை.

வரலாறு

பிரான்சின் வெர்சாய் பூங்காவில் பதினான்காம் லூயி மன்னருக்காக 1687-88 இல் கட்டப்பட்ட கிராண்ட் திரியனான் மாளிகையின் தோட்டம் இம்முறைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஆகும். அங்குப் பூச்செடிகள் தொட்டிகளோடு புதைக்கப்பட்டு அடிக்கடி மாற்றப்பட்டன. நிலச்சம்பங்கியின் கடும் மணம் தாளாமல் மன்னரும் அவையினரும் வெளியேறியதைத் தாம் கண்டதாகக் கோமகன் சான் சிமோன் எழுதியுள்ளார்.

இங்கிலாந்தின் தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843-1932), கோடையில் பாத்திகளில் ஏற்படும் வெற்றிடங்களைத் தொட்டியில் வளர்த்த ஹைட்ரேஞ்சியா, லில்லி முதலிய செடிகளால் நிரப்பினார்.

செய்முறை

1. தொட்டியை விடச் சற்று ஆழமாகவும் அகலமாகவும் குழி தோண்ட வேண்டும்.
2. குழியின் அடியில் சரளைக்கல் பரப்ப வேண்டும். இது வடிகால் துளை மண்ணால் அடைபடுவதைத் தடுக்கும்.
3. தொட்டியை வைத்துச் சுற்றிலும் மண் அல்லது மணல் நிரப்ப வேண்டும்.
4. விளிம்பு தெரியாதவாறு இலைச்சருகால் மூடாக்கு இடலாம்.

மெருகிடாத சுடுமண் தொட்டியின் சுவர் வழியே ஈரம் ஊடுருவும். ஆகவே சுற்றியுள்ள மண்ணின் ஈரம் செடிக்கும் ஓரளவு கிடைக்கும். நெகிழித் தொட்டியில் இது நிகழாது. எனவே பாத்தி ஈரமாக இருப்பினும் தொட்டிக்குத் தனியே நீர் ஊற்ற வேண்டும்.

இருதொட்டி முறை

இதில் வெளித்தொட்டி ஒன்று மண்ணில் நிலையாகப் புதைக்கப்படுகிறது. செடியுள்ள தொட்டி அதனுள் இறக்கப்படுகிறது. மாற்றும்போது குழி சரிவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் நாற்றுப்பண்ணைகளில் மரக்கன்றுகள் இவ்வாறும் வளர்க்கப்படுகின்றன. கன்றுகள் காற்றில் சாயாமலும், வேர்கள் கடும் வெயிலாலும் உறைபனியாலும் எளிதில் தாக்கப்படாமலும் இருப்பது இதன் பயன் ஆகும்.

குறைபாடுகள்

* களிமண் நிலத்தில் குழியில் நீர் தேங்கி வேர் அழுகக்கூடும். குழியில் நீர் ஊற்றி, அது வடிகிறதா என்று முன்னரே சோதிப்பது நன்று.
* வடிகால் துளை வழியே வேர்கள் நிலத்தினுள் இறங்கிவிட்டால், தொட்டியை எடுக்கும்போது அவை அறுந்து செடி வாடும். சில வாரங்களுக்கு ஒருமுறை தொட்டியைச் சற்றுத் திருப்பி வைத்தால், வேர்கள் தடிக்கும் முன்பே அறுபடும். செடிக்குப் பெரும் பாதிப்பு நேராது.
* மாற்றுச் செடிகளை வேறோரிடத்தில் தொடர்ந்து வளர்த்து வர வேண்டியிருப்பதால் இடமும் உழைப்பும் கூடுதலாகத் தேவைப்படும்.